பெருமூச்சு சார் பெயரில் நாற்பத்தோராயிரம்

ஊசியக்காவுக்கு வேலை போகப்போகிறது என்ற கடிதமும், பெருமூச்சு சாருக்குச் சிறந்த பணியாளர் விருது என்ற கடிதமும் ஒரே உறைக்குள்தான் வந்தன. தலைமையகத்தில் சிக்கனம் பார்ப்பது இந்த மாதிரி விஷயங்களில்தான்.

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவள் மூன்று வருடமாக ஒப்பந்த ஊழியர். ரத்தம் எடுப்பது, குழாயில் பெயர் ஒட்டுவது, மெஷினில் வைப்பது, மெஷின் துப்புகிற எண்களைக் கம்பெனியின் இணையதளத்தில் ஏற்றுவது எல்லாம் அவள்தான். ஊசி இறங்கியதே தெரியாமல் ரத்தம் எடுத்துவிடுவாள். பஞ்சைப் பார்த்தாலே மயங்குகிற ஆண்கள்கூட "ஊசியக்கா இருக்காங்களா" என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஒப்பந்தத் தாளில் பத்திரமாக இருந்தது. அங்கே வேறு எந்தக் காகிதத்திலும் இல்லை.

பெருமூச்சு சார் அங்கே மூத்த டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். ரத்தக் குழாய்களை அடுக்கி அவர் முன்னால் வைத்தால் ஒவ்வொன்றையும் ஒரு பார்வை பார்ப்பார், அடிவயிற்றிலிருந்து ஒரு பெருமூச்சு விடுவார், எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வருவதற்குள் வேறு யாராவது வேலையை முடித்திருப்பார்கள். இப்படியே முப்பத்தோரு வருடத்தை ஓட்டினார். ஊசியக்கா சேர்ந்த மூன்றாவது வாரம் அவருக்கு வழியனுப்பு விழா நடந்தது. அதற்கப்புறம் இரண்டே முறை போன் செய்தார். இரண்டும் அலமாரியில் விட்டுப்போன டிபன் பாக்ஸைப் பற்றி.

அந்த மனிதருக்குத்தான் விருது. 'மூன்று ஆண்டுகளில் நாற்பத்தோராயிரத்து முந்நூற்றுப் பதினாறு பரிசோதனைகள். பதினான்கு கிளைகளிலும் இவரே முதலிடம்' என்று எழுதியிருந்தார்கள். ஊசியக்காவின் கடிதம் நாலே வரி. மூன்று ஆண்டுகளில் ஐந்நூறு பரிசோதனைக்குக் குறைவாகச் செய்தவர்களின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. தாங்கள் செய்தவை: ஒன்று.

அந்த ஒன்றும் அவளுடைய சொந்த ரத்தம். சேர்ந்த அன்று பயிற்சிக்காக எடுத்தது. ரத்தசோகை என்று வந்தது.

இந்தக் கூத்து எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த இணையதளம் முன்பெல்லாம் பத்து நிமிடம் சும்மா இருந்தால் ஆளை வெளியே தள்ளிவிடும். மறுபடி உள்ளே போகப் பாஸ்வேர்ட் கேட்கும். அந்தப் பாஸ்வேர்டில் பன்னிரண்டு எழுத்து இருக்க வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், நட்சத்திரக் குறி எல்லாம் கலந்து இருக்க வேண்டும். ரத்தம் எடுக்கிறவள் கையில் கையுறை, கீபோர்டுக்கு மேலே பிளாஸ்டிக் உறை. எண்களைத் தட்டுவது சிரமமில்லை. எழுத்தைத் தட்டினால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து விழும். மூன்று தடவை தப்பாக விழுந்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும். பூட்டைத் திறக்கத் தலைமையகத்துக்கு எழுத வேண்டும். இல்லையென்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையுறையைக் கழற்று, கை கழுவு, துடை, தட்டு, புதுக் கையுறை மாட்டு. வரிசையில் நிற்கிற ஜனம் சும்மா இருக்குமா?

பதினான்கு கிளையும் சேர்ந்து தலைமையகத்தைக் கரித்துக் கொட்டியது. தலைமையகத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. இனிமேல் யாரையும் எப்போதும் வெளியே தள்ளாது, போங்கள் என்று ஒரேயடியாக மாற்றிவிட்டார்கள். அந்த உத்தரவு வந்த காலை அந்தக் கம்ப்யூட்டரில் உள்ளே இருந்தவர் பெருமூச்சு சார். வேலை செய்யப் போகவில்லை. தன் கணக்கில் லீவு எத்தனை மிச்சம் இருக்கிறது என்று பார்க்கப் போயிருந்தார். பார்த்தார், எழுந்தார், அடுத்த வாரம் ஓய்வும் பெற்றுவிட்டார். வெளியேறும் பொத்தானை அழுத்தவில்லை. சம்பளப் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்தவர்கள் இணையதளத்திலிருந்து அடிக்கவில்லை, அது வேறு இலாகா.

ஊசியக்காவின் கணக்கு அதற்கு முந்தைய வாரமே பூட்டிக்கொண்டுவிட்டது. பூட்டைத் திறக்கச் சொல்லிப் பதினொரு முறை எழுதினாள். பதினொரு முறையும் 'உங்கள் கோரிக்கை பெறப்பட்டது' என்று பதில் வந்தது. எதிரே திறந்த திரை, கையில் குழாய், வாசலில் வெறும் வயிற்றோடு முப்பது பேர். அவள் எண்ணைத் தட்டினாள். ஒவ்வொரு ரிப்போர்ட்டின் அடியிலும் 'பரிசோதித்தவர்' என்று பெருமூச்சு சாரின் பெயர் விழுந்தது. முதல் மாதம் சிரிப்பாக இருந்தது. அப்புறம் கண்ணில் படவே இல்லை.

வீட்டில் கடிதத்தைக் கணவனிடம் காட்டினாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலை வந்தால் வரும், வராவிட்டால் வராது. வீடு நிற்பது அவள் வேலையை நம்பித்தான், அது இரண்டு பேருக்கும் தெரியும். மூன்று வருடம் முடிந்தால் நிரந்தரம் என்று ஆசை காட்டித்தான் அவளைச் சேர்த்திருந்தார்கள்.

அவன் இரண்டு கடிதத்தையும் மாற்றி மாற்றிப் படித்தான். "இந்தப் பெருமூச்சு இன்னும் உயிரோட இருக்கா?"

"நல்லா இருக்கார். என் புண்ணியத்துல ஓடா உழைச்சுக்கிட்டு இருக்கார்."

"டாக்டரம்மாவைச் சொல்லச் சொல்ல வேண்டியதுதானே?"

டாக்டரம்மா சாயங்காலம் வந்து ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போடுகிறவர். ஓய்வு பெற்ற ஆள் பெயர் போட்ட தாளில் மூன்று வருடம் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர். வாயைத் திறந்தால் அவர் கையெழுத்தும் சேர்ந்து மாட்டும். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு வெள்ளிக்கிழமை திடீரென்று ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷம் முளைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைதான் விருது.

வேலை போவது பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட அந்த 'ஒன்று' அவளை அதிகமாகச் சுட்டது. காலை ஆறரைக்கு வந்து, நின்றபடியே தண்ணீர் குடித்து, குழந்தைகளின் நரம்பை விரல் நுனியால் தேடித் தேடி எடுத்த ரத்தமெல்லாம் ஒரு எண்ணில் போய் நின்றிருந்தது, அந்த எண்ணும் ஒன்று.

புதன்கிழமை தலைமையகத்திலிருந்து மென்பொருள்காரி வந்தாள். நாற்பதைத் தாண்டியவள், முதுகில் பெரிய பை, பைக்குள் கம்ப்யூட்டரும் நாலு பிஸ்கட் பாக்கெட்டும். யாரையும் வெளியே தள்ளாத இணையதளத்தைப் பார்த்து ஏதோ ஒரு மேற்பார்வைக் குழு பயந்துவிட்டதாம். எத்தனை நேரம் கழித்துத் தள்ளலாம் என்று கிளை கிளையாகப் போய்க் கேட்டுவரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"பத்து நிமிஷம் வெச்சதும் நான்தான், எப்பவும் தள்ளாதேன்னு மாத்தினதும் நான்தான்," என்றாள். "ரெண்டுக்கும் திட்டு வாங்கினதும் நான்தான். இந்தத் தடவையாவது கேட்டுட்டு செய்யலாம்னு வந்தேன். நீங்க சொல்லுங்க, எவ்ளோ நேரம் வைக்கலாம்?"

"மொதல்ல கையுறை மாட்டிக்கிட்டு உங்க பாஸ்வேர்ட அடிங்க மேடம். அப்புறம் பேசலாம்."

மென்பொருள்காரி சிரித்துக்கொண்டே மாட்டினாள், தன் மடிக்கணினி மேல் ஒரு பிளாஸ்டிக் உறையை விரித்து அடித்தாள். தப்பு. இன்னொரு முறை. தப்பு. மூன்றாவது முறை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள். கணக்கு பூட்டிக்கொண்டது. தான் எழுதிய பூட்டுக்கே தலைமையகத்துக்கு விண்ணப்பம் போட்டாள். 'உங்கள் கோரிக்கை பெறப்பட்டது' என்று வந்தது.

"சரி, உங்க திரையில பார்க்கலாம்," என்று ஊசியக்காவின் மேசைக்கு வந்தவள், மூலையில் இருந்த பெயரைப் பார்த்தாள். "இவர் எங்க?"

"வீட்ல."

"எப்ப வருவார்?"

"மூணு வருஷமா வரல மேடம்."

மென்பொருள்காரிக்குச் சிரித்துச் சிரித்துப் பிஸ்கட் புரைக்கேறியது. ஊசியக்கா முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள், அப்புறம் இரண்டு கடிதத்தையும் கொடுத்தாள். படித்து முடிக்கும்போது மென்பொருள்காரி முகத்தில் சிரிப்பு இல்லை.

"நீங்கதான் செஞ்சீங்கன்னு எப்படிக் காட்டுவீங்க?"

அதுதான் ஊசியக்காவுக்கும் தெரியவில்லை. ரிப்போர்ட்டில் அவள் பெயர் இல்லை. குழாயில் நோயாளி பெயர் இருக்கும், எடுத்தவள் பெயர் இருக்காது. இருவரும் யோசித்தார்கள். கடைசியில் அவள் எழுந்து போய் லீவு நோட்டை எடுத்து வந்தாள். மூன்று வருடத்தில் அவள் எடுத்த லீவு முப்பத்தொன்பது நாள். பிள்ளைக்குக் காய்ச்சல் ஐந்து நாள், மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் நாலு நாள், தனக்கு என்று எடுத்தது ஒன்றரை நாள், இப்படி. மென்பொருள்காரி ஒவ்வொரு தேதியாகத் தேடினாள். முப்பத்தொன்பது நாளும் பெருமூச்சு சாரின் கணக்கில் ஒரு பரிசோதனைகூட இல்லை. அவள் அரை நாள் லீவு போட்ட அன்று மட்டும், அதுவும் மத்தியானம் வரைக்கும்தான், உழைத்திருந்தார்.

மூன்று வருடம் அவள் வந்த நாளெல்லாம் அவருக்குச் சாட்சி சொல்லியிருந்தது. வராத நாள் மட்டும்தான் அவளுக்கு மிஞ்சியது.

"மாமியார் முழங்கால் இப்ப எப்படி இருக்கு?" என்றாள் மென்பொருள்காரி.

"நல்லா நடக்கறாங்க."

"அந்தக் காலுக்கு ஒரு கும்பிடு போடுங்க. ஆனா ஒரு சிக்கல் இருக்கு." அவள் திரையின் அடியைக் காட்டினாள். பொடி எழுத்தில், மற்றவர் கணக்கைப் பயன்படுத்துவது வேலைநீக்கத்துக்குரிய குற்றம் என்று இருந்தது. "இதையும் நான்தான் டைப் பண்ணேன். யாரும் படிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

ஆக, சும்மா இருந்தால் வேலை செய்யாதவள் என்று அனுப்புவார்கள். நிரூபித்தால் திருட்டுத்தனமாக வேலை செய்தவள் என்று அனுப்புவார்கள். வீட்டில் இதைக் கணவனிடம் சொன்னாள். "எப்படியும் போகப்போகுதுன்னா சொல்லிட்டே போ," என்றான். "செய்யலேன்னு பேர் வாங்கிட்டு வராத."

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கடைசி நோயாளியும் போன பிறகு மேனேஜர் வந்தார். ஒரு கையில் கோப்பு, இன்னொரு கையில் துணி சுற்றிய கண்ணாடிக் கேடயம். விருது பெறுபவர் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆனவர் என்று அவருக்கு வருகிற வழியில்தான் தெரிந்தது. ஆனால் முதலாளி கையெழுத்துப் போட்டாயிற்று, பதினான்கு கிளைக்கும் படத்தோடு அறிவிப்பும் போயாயிற்று. ஆகவே அது தனக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டார்.

பெருமூச்சு சார் பத்து மணிக்கே வந்து ரத்தம் கொடுக்கிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட சட்டை, புதுச் செருப்பு. முகத்தில் கூச்சம் ஒரு பொட்டும் இல்லை. அதுதான் ஊசியக்காவுக்குத் தாங்கவில்லை. தெரிந்தே ஏமாற்றுகிறவர் என்றால் சண்டை போடலாம். இவரோ வீட்டுக்கு வந்த நகலைப் படித்துப் படித்துத் தானே நம்பிவிட்டிருந்தார்.

"எப்படி சார் இவ்ளோ செஞ்சீங்க?" என்று மேனேஜர் மரியாதைக்குக் கேட்டார்.

"உடம்புதான் வீட்ல இருந்துச்சு. மனசு பூரா இங்கதான்."

"மனசு நாப்பத்தோராயிரம் பேருக்கு ரத்தம் எடுத்துச்சா சார்?" என்றாள் ஊசியக்கா.

"இந்தப் பொண்ணுக்கு நான் போன்ல வழிகாட்டியிருக்கேன்."

"டிபன் பாக்ஸ் எந்தத் தட்டுல இருக்குன்னு உங்களுக்கு நான்தான் வழிகாட்டினேன்."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். மென்பொருள்காரி சமயம் பார்த்து லீவு நோட்டையும் தான் அச்சடித்து வந்த தாள்களையும் மேசையில் பரப்பினாள். மேனேஜர் முப்பத்தொன்பது தேதிகளையும் விரலால் தடவிக்கொண்டே போனார். முட்டாள் இல்லை, பத்தாவது தேதியிலேயே புரிந்துவிட்டது. புரிந்ததும் முகம் இறுகியது.

"அப்போ மூணு வருஷமா நீங்க அடுத்தவர் கணக்குல நுழைஞ்சிருக்கீங்க. இது வேலைநீக்கம். தெரியும்ல?"

"தெரியும் சார். என் கணக்கத் தெறந்து விடச் சொல்லி பதினோரு தடவ எழுதினதும் தெரியும்."

"எழுதினது கிடைச்சுதுன்னு பதில் வந்துச்சா?"

"பதினோரு தடவையும் வந்துச்சு."

"அப்புறம் என்ன," என்றார் மேனேஜர், குறையே இல்லை என்பதுபோல. இந்த விவகாரத்தை இன்றைக்கே மூடிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விட வேண்டும் என்று அவருக்கு இருந்தது. விருதைக் கொடுத்துவிட்டு, அவளை மாதக் கடைசியில் சத்தமில்லாமல் அனுப்பிவிட்டால் எந்தத் தாளையும் திருத்த வேண்டியதில்லை. கோப்பைத் திறந்து விருதுப் படிவத்தை எடுத்தார். "சார், ஒரு கையெழுத்து. உங்க பேர்ல ஒரே ஒரு புகார் நிலுவையில இருக்கு. அத ஏத்துக்கிட்டு முடிச்சாத்தான் விருதுப் படிவம் மேல போகும். சின்ன விஷயம்தான்."

பெருமூச்சு சார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

ஒரு தையல்காரர் எழுதிய புகார். போன வருடம் ஒரு திங்கட்கிழமை அவருக்குச் சர்க்கரை தாறுமாறாக ஏறியிருப்பதாக இந்த நிலையம் ரிப்போர்ட் கொடுத்தது. மனுஷன் பயந்துபோய் மாத்திரை சாப்பிட்டு, கை நடுங்கி, மயங்கி, ஒரு கல்யாணக் கோட்டைத் தப்பாக வெட்டித் தொலைத்தார். இன்னொரு இடத்தில் பார்த்தால் சர்க்கரையே இல்லை. குழாய் மாறியிருக்கிறது. 'மூன்று மாதம் சர்க்கரை இல்லாமல் டீ குடித்தேன், அதற்கு யார் பதில் சொல்வது' என்று முடித்திருந்தார். கம்பெனி ஒரு வருடமாகப் பதில் சொல்லவில்லை.

பெருமூச்சு சார் தாளைச் சூடு பட்டதுபோல மேசையில் போட்டார். "இது நான் இல்ல."

"உங்க பேர்தான் சார் இருக்கு."

"பேர் இருந்தா? நான் ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷம் கழிச்சு நடந்திருக்கு. அன்னைக்கு நான் பொண்ணு வீட்ல இருந்தேன். இந்தப் படி ஏறியே மூணு வருஷம் ஆச்சு. ஒரு குழாயத் தொட்டிருப்பேனா? கேட்டுப் பாருங்க, யார வேணா கேளுங்க."

"அத அப்படியே எழுதிக் குடுத்துடுங்க சார்," என்று மென்பொருள்காரி வெள்ளைத்தாளையும் பேனாவையும் நீட்டினாள்.

அவர் எழுதினார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து இந்த நிலையத்தில் ஒரு பரிசோதனையும் செய்யவில்லை என்று தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, கீழே ஒரு கோடும் இழுத்தார். முப்பத்தோரு வருடத்தில் அவர் இத்தனை வேகமாக ஒரு வேலையை முடித்து ஊசியக்கா மட்டுமல்ல, யாருமே பார்த்திருக்க முடியாது.

மேனேஜர் அந்தத் தாளையும் புகாரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ஊசியக்காவைப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "கம்ப்யூட்டர் தெறந்துதான் கெடந்திருக்கு. யார் வேணா வந்து ஏத்தியிருக்கலாம். இந்த ஒண்ணு யாருதுன்னு தெரியாதுன்னு நீங்க சொன்னா, நான் அப்படியே எழுதிக்கிறேன்."

நல்ல மனசில்தான் சொன்னார். மென்பொருள்காரியும் கண்ணால் சரி என்று சொல் என்றாள்.

ஊசியக்கா தேதியைப் பார்த்தாள். மாமியார் ஆபரேஷன் முடிந்து அவள் திரும்பி வந்த திங்கட்கிழமை. நாலு நாள் ஜனம் மொத்தமும் ஒரே காலையில் வந்து நின்றது. நூற்றுப் பன்னிரண்டு குழாய். நடுவில் ஒரு கிழவர் மயங்கி விழுந்தார். அவரைப் பிடிக்க ஓடினாள். திரும்பி வந்து, தாங்கியில் செருகாமல் மேசைமேல் வைத்துப் போயிருந்த இரண்டு குழாயை எடுத்துப் பெயர் ஒட்டினாள். எந்தக் குழாய் யாருடையது என்று அப்போதே ஒரு நொடி சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தை வரிசை தள்ளிக்கொண்டு போய்விட்டது. மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள்.

இது தன்னுடையது இல்லை என்றால் மற்றது மட்டும் எப்படித் தன்னுடையதாகும்?

"என்னோடதுதான் சார்," என்றாள். "நாப்பத்தோராயிரத்து முந்நூத்திப் பதினாறும் நான் செஞ்சது. அதுல இதுவும் ஒண்ணு."

புகாரை மறுபடி பார்த்துவிட்டுக் கேட்டாள். "தையல்காரருக்கு வேற ஒருத்தரோட ரிப்போர்ட் போயிருக்குன்னா, அந்த ஆளுக்குத் தையல்காரரோடது போயிருக்கும். சர்க்கரை இருந்தும் இல்லேன்னு சொல்லியிருக்கோம். அந்த இன்னொருத்தர் என்ன ஆனார்?"

மேனேஜர் கோப்பைப் புரட்டினார். முன்னாலும் பின்னாலும் புரட்டினார். கோப்பில் அந்த இன்னொருத்தர் இல்லை. ஒரு வருடமாக அந்தப் புகாரைக் கையில் எடுத்த ஏழு அதிகாரிகளில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. மென்பொருள்காரி அடுத்த குழாயின் எண்ணைத் தட்டித் தேடினாள். அந்த நிமிடம் ஊசியக்காவுக்கு வேலை நினைவே இல்லை.

"பேக்கரி வெச்சிருக்கவர்," என்றாள் மென்பொருள்காரி. "ரெண்டு மாசம் கழிச்சு இங்கயே மறுபடி பார்த்திருக்கார், அப்பக் கண்டுபிடிச்சிருக்கீங்க. மாத்திரை சாப்பிடறார். போன வாரம்கூட வந்திருக்கார். அளவு நல்லா இருக்கு."

அவளுக்கு ஆளைத் தெரிந்தது. ஊசியைப் பார்க்காமல் இருக்க உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரனைத் திட்டுகிறவர். ஊசியக்கா உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். நிம்மதியா வெட்கமா என்று பிரிக்க முடியவில்லை, இரண்டும்தான். கையில் கையுறை இருந்ததால் முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

மேனேஜர் தன் மடிக்கணினியைத் திறந்து புகாரை முடிக்கும் படிவத்தை நிரப்ப ஆரம்பித்தார். இப்போதாவது தையல்காரருக்குப் பதில் போக வேண்டும். பொறுப்பானவர் என்ற இடத்தில் அவள் பெயரைப் போட்டார். எடுத்த நடவடிக்கை என்ற இடத்தில் 'மெமோ கொடுக்கப்பட்டது' என்று போட்டார். அனுப்பு என்றார். போகவில்லை. பணியாளர் எண் காலியாக இருக்கிறது என்று சிவப்பில் கத்தியது.

"உங்க எண் என்ன?"

"ஒப்பந்தக்காரங்களுக்கு எண் கிடையாது சார்."

"அந்த இடத்தக் காலியா விட்டா போகாதா?"

"போகாது சார்," என்றாள் மென்பொருள்காரி. "நான்தான் எழுதினேன்."

"ஒப்பந்தக்காரங்களுக்கு மெமோ குடுக்கவும் விதி இல்ல," என்று மேனேஜர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "வராதேன்னு சொல்லத்தான் விதி இருக்கு."

"சொல்லுங்க. புகார் தெறந்தே கெடக்கும். புகார் தெறந்திருந்தா விருதுப் படிவமும் போகாது. முதலாளி கையெழுத்துப் போட்டது என்ன ஆச்சுன்னு கேப்பார். பதினாலு கிளையில அதிகமா வேலை செஞ்ச ஆள, வேலையே செய்யலேன்னு அனுப்பினதயும் நீங்கதான் விளக்கணும்." மென்பொருள்காரி பிஸ்கட் பாக்கெட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

மேனேஜர் ஒரு பிஸ்கட்டை எடுத்தார். வெளியே போய் யாருடனோ போனில் நெடுநேரம் பேசினார். நடுநடுவே "ஆமா சார்", "இல்ல சார், மனசு இல்ல சார், இந்த அம்மாதான்" என்று கேட்டது. அவர் பேசி முடிப்பதற்குள் மென்பொருள்காரியின் கணக்குப் பூட்டு திறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவள் பெருமூச்சு சாரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, வெளியேறும் பொத்தானைக் காட்டி, அழுத்தச் சொன்னாள்.

'உறுதியாக வெளியேற வேண்டுமா?' என்று திரை கேட்டது. அவர் அந்தக் கேள்வியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடிவயிற்றிலிருந்து ஒன்று விட்டுவிட்டு, அழுத்தினார். மூன்று வருடத்தில் அவர் அங்கே செய்த முதல் வேலை அது.

"சொல்லுங்க, எவ்ளோ நேரம்?" என்று மென்பொருள்காரி ஊசியக்காவிடம் நோட்டை விரித்தாள். "பத்து நிமிஷம் வெச்சா பாஸ்வேர்ட எழுதி மானிட்டர்ல ஒட்டிடுவீங்க. எப்பவும் வேணாம்னா போனவர் பேர்ல குடித்தனம் நடத்துவீங்க."

"ஒரு ஷிஃப்ட் மேடம். எட்டு மணி நேரம். முடிஞ்சா யாரா இருந்தாலும் வெளிய தள்ளிடுங்க. நடுவுல அரை மணி சும்மா இருந்தா நாலு எண் கேளுங்க, போதும். எண்ண எங்களால கையுறையோட தட்ட முடியும்."

மென்பொருள்காரி எழுதிக்கொண்டாள். ஆறு வருடமாகத் தலைமையகத்தில் கூட்டம் போட்டு முடியாத விஷயம் அது.

மேனேஜர் உள்ளே வந்து படிவத்தில் ஒரு எண்ணைத் தட்டினார். இந்த முறை போய்விட்டது. பிரிண்டர் முனகிக்கொண்டே ஒரு தாளைத் தள்ளியது. பெருமூச்சு சார் கேடயத்தைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்துப் பார்த்தார். "பேரு என்னோடதுதான் பொறிச்சிருக்கு. வேற யாருக்கும் ஆகாது. நான் எடுத்துக்கட்டுமா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் எடுத்துக்கொண்டு போனார்.

மேனேஜர் தாளை ஊசியக்காவிடம் நீட்டினார். "ரெண்டு குத்தம், ஒரே மெமோ. குழாய் மாத்தினது, அடுத்தவர் கணக்குல நுழைஞ்சது. படிச்சுப் பார்த்து கையெழுத்துப் போடுங்க."

அவள் கையுறையைக் கழற்றினாள். தாளின் உச்சியில் நிரந்தரப் பணியாளர் என்று இருந்தது, பக்கத்தில் எண் இருந்தது, அதன் பக்கத்தில் அவள் பெயர் முழுசாக இருந்தது. அப்பா பெயரின் முதல் எழுத்துகூடச் சரியாக இருந்தது. கீழே அவள் கவனக்குறைவானவள் என்றும் ஒழுங்கு மீறியவள் என்றும் பதினேழு வரி. பதினேழையும் ஒரு எழுத்து விடாமல் படித்தாள், நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

"இன்னொரு காப்பி குடுங்க சார்," என்றாள். "வீட்ல காட்டணும்."